சாக்கடைக்கு வைத்தியம் பார்க்கும் கோரையும் கரியும்!

காலையில் எழுந்ததும் பல் துலக்குகிறோம். குளிக்கிறோம். வீட்டில் அரிசி களைகிறார்கள். பாத்திரம் துலக்குகிறார்கள். துணி துவைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடிவிடுகிறது. அதோடு நாம் அதை மறந்து விடுகிறோம்.

"சாக்கடையில் போய்விட்டது" என்று சொல்லி விடுகிறோம்.

சாக்கடையில் போன தண்ணீர் பிறகு எங்கே போகிறது?

தெருக் கால்வாயில் ஓடுகிறது. அங்கிருந்து ஓடையில் விழுகிறது. ஓடையிலிருந்து ஏரிக்கோ, ஆற்றுக்கோ போய்ச் சேருகிறது. வழியெல்லாம் மண்ணுக்குள் இறங்குகிறது. கிணற்றில் ஊறுகிறது.

அந்தக் கிணற்றில் ஒரு தாய் குடம் கொண்டு வந்து தண்ணீர் இறைக்கிறாள்.

ஒரு வீட்டார் கழித்து விட்ட நீர், இன்னொரு வீட்டார் குடிக்கும் நீராகிறது!

இதைத் தடுக்க வழி உண்டா? உண்டு. பெரிய இயந்திரங்களைக் கொண்டு சாக்கடை நீரைச் சுத்தம் செய்யலாம். ஆனால் அதற்குப் பணம் வேண்டும். மின்சாரம் வேண்டும். படித்த ஆட்கள் வேண்டும்.

இயந்திரம் இல்லாமல், கல்லையும் கோரைப் புல்லையும் அடுப்புக் கரியையும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா?

"முடியும்" என்கிறார்கள் விஞ்ஞானிகள். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணக்கைப் பாருங்கள்

நகரத்தில் வசிக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தரவேண்டும் என்பது நம் நாட்டில் அரசாங்கம் வகுத்துள்ள கணக்கு. அதில் 100-க்கு 80 பங்கு சாக்கடை நீராகத் திரும்பி வருகிறது என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அதாவது, நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்திலிருந்து தினமும் 430 லிட்டருக்கு மேல் கழிவு நீர் வெளியே போகிறது. குடத்தால் அளந்தால் முப்பது குடத்துக்குக் குறையாது.

ஒரு வீட்டுக்கே இப்படி என்றால், நாட்டுக்கு?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டது. இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு 7,236 கோடி லிட்டர் சாக்கடை நீர் உண்டாகிறது. அதில் சுத்தம் செய்யப்படுவது சுமார் 2,023 கோடி லிட்டர்தான்.

நூற்றுக்கு 28 பங்கு! மீதி 72 பங்கு அப்படியே ஓடையிலும் ஆற்றிலும் கலக்கிறது.

கிராமங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஒரு பெண்மணியின் யோசனை

இப்போது ஜெர்மனி தேசத்துக்குப் போவோம்.

அந்த நாட்டின் வடக்கே பிளோன் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. சுற்றிலும் ஏரிகள். அங்கே மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஒரு நிலையம் இருந்தது. நீர்வாழ் உயிர்களைப் பற்றி அங்கே ஆராய்ச்சி செய்தார்கள்.

அந்த நிலையத்தில் கேத்தே சீடல் என்ற பெண்மணி வேலை பார்த்தார். தாவர நூல் கற்றவர். 1907-ல் பிறந்தவர்.

ஏரிக்கரையில் வளரும் கோரைகளை அவர் கூர்ந்து கவனித்தார். கோரை அடர்ந்த இடத்தில் தண்ணீர் தெளிவாக இருப்பதன் காரணத்தை ஆராய்ந்தார்.

"சாக்கடை நீரையே கோரைக்குக் கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்ற யோசனை பிறந்தது.

1950-களில் அவர் பரிசோதனைகளைத் தொடங்கினார். தொட்டியில் கல்லையும் மணலையும் பரப்பினார். அதில் கோரையை நட்டார். பினாயில் போன்ற நாற்றமுள்ள 'பினால்' கலந்த ஆலைக் கழிவையும் அதில் விட்டுப் பார்த்தார்.

கோரை சாகவில்லை. செழித்து வளர்ந்தது. வெளியே வந்த நீரில் அழுக்கு குறைந்திருந்தது!

அம்மையார் சொன்னதைப் பல நிபுணர்கள் நம்பவில்லை. "சாக்கடையைச் சுத்தம் செய்ய இயந்திரம் இருக்கும்போது புல்லை நம்புவதா?" என்ற எண்ணம் அவர்களுக்கு.

அம்மையார் விடவில்லை. ஆண்டுக் கணக்கில் பரிசோதனை செய்தார். மற்றவர்களும் அந்த வழியில் இறங்கினார்கள். 1974-ல் ஜெர்மனியில் ஓத்பிரேசன் என்ற ஊரில், ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்ய நாணல் படுகை ஒன்று அமைக்கப்பட்டது. இன்று ஐரோப்பாவில் இப்படிப்பட்ட படுகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

1990-ல் சீடல் அம்மையார் காலமானார். அவர் நட்ட கோரை உலகமெங்கும் வேர் விட்டு விட்டது.

படுகை எப்படி இருக்கும்?

இந்தப் படுகையை அமைப்பது கடினமான வித்தை அல்ல.

முதலில் சாக்கடை நீர் ஒரு தொட்டிக்குள் போகிறது. கனமான அழுக்கு அடியில் தங்கிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கிறது. நடுவில் உள்ள நீர் மட்டும் அடுத்த இடத்துக்குப் போகிறது.

அடுத்த இடம்தான் படுகை. சுமார் இரண்டு அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுகிறார்கள். நீர் பூமிக்குள் இறங்காதபடி அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போடுகிறார்கள். அல்லது சிமெண்டு பூசுகிறார்கள். பிறகு அதில் சரளைக் கல்லை நிரப்புகிறார்கள். அதன்மேல் நாணல், சம்பங்கோரை, கல்வாழை போன்றவற்றை நடுகிறார்கள்.

நீர் ஒரு பக்கம் நுழைந்து, கல்லின் இடுக்குகளில் மெள்ள ஊர்ந்து, சில நாட்கள் கழித்து மறு பக்கம் வெளியே வருகிறது.

நீர் சரளைக் கல்லுக்குக் கீழேயே ஓடுகிறது. மேலே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கொசு முட்டையிட இடமில்லை. நாற்றமும் எழாது. பார்ப்பவர்களுக்கு அது ஒரு பூந்தோட்டம் போல இருக்கும். கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும்!

எவ்வளவு இடம் வேண்டும்? குளிர் மிகுந்த ஐரோப்பாவில் தலைக்கு 5 சதுர மீட்டர் என்று கணக்கு வைத்தார்கள். நம்மைப்போன்ற வெப்ப நாடுகளில் அதைவிடக் குறைவாக இருந்தால் போதும்.

உண்மையான தொழிலாளி யார்?

"அப்படியானால் கோரைதான் அழுக்கைத் தின்கிறதா?" என்று கேட்பீர்கள்.

கோரை கொஞ்சம்தான் எடுத்துக்கொள்கிறது. பெரும் பகுதி வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்.

பாக்டீரியா என்றதும் பயப்பட வேண்டாம். நோய் தருபவை சில. நன்மை செய்பவை பல. பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான்.

சரளைக் கல்லின் மீதும், கோரை வேரின் மீதும் இவை வழவழப்பான பாசிபோலப் படிந்து வாழ்கின்றன. சாக்கடை நீர் ஓடும்போது அதில் உள்ள அழுக்கை உணவாகக் கொள்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிறுநீரிலிருந்து அம்மோனியா என்ற காரப் பொருள் உண்டாகிறது. மீனுக்கு அது விஷம். காற்றுள்ள இடத்தில் வாழும் ஒரு கூட்டம் பாக்டீரியா, அதை நைட்ரேட் என்ற உப்பாக மாற்றுகிறது. அந்த உப்பும் ஆபத்தானதுதான். கிணற்று நீரில் அது மிகுந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. குழந்தையின் உடல் நீலம் பாயும்.

ஆனால் காற்றில்லாத மூலையில் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. அது நைட்ரேட்டைப் பிடித்து, தீங்கில்லாத நைட்ரஜன் வாயுவாக மாற்றி ஆகாயத்தில் விட்டுவிடுகிறது.

முதல் கூட்டத்துக்குக் காற்று வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்குக் காற்று கூடாது! இரண்டும் ஒரே படுகையில் குடியிருக்க வேண்டும்.

இங்கேதான் வெறும் சரளைக் கல் தோற்றுப்போகிறது. கல்லின் மேற்பரப்பு குறைவு. குடியிருக்க இடம் போதாது. அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் சக்தியும் அதற்கு இல்லை. நீர் பாதிச் சுத்தத்தோடு வெளியே போய்விடுகிறது.

கல்லுக்குத் துணையாக வேறு ஏதாவது வேண்டும்.

அந்தத் துணைதான் கரி!

உமிக்கரி தெரியுமா?

கரியின் குணம் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். உமிக்கரியால் பல் துலக்கி வெள்ளை வெளேரென்று பல் வைத்திருந்தார்கள்.

மேல் நாட்டாரும் கரியை அறிவார்கள். பழுப்புச் சர்க்கரைப் பாகை வெள்ளையாக்க, 19-ம் நூற்றாண்டிலேயே ஆலைகளில் எலும்புக் கரியில் வடிகட்டினார்கள். 1914-ல் தொடங்கிய முதல் உலகப் போரில் எதிரிகள் விஷவாயுவை வீசினார்கள். சிப்பாய்கள் முகமூடி அணிந்து உயிர் தப்பினார்கள். அந்த முகமூடிக்குள் இருந்தது என்ன? கரி! தேங்காய்க் கொட்டாங்கச்சியைச் சுட்ட கரியும் அதில் ஒன்று.

கரிக்கு இந்தச் சக்தி எப்படி வந்தது?

மரத்துக்குள் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. உயிரோடு இருக்கும்போது அவற்றின் வழியே நீர் ஏறுகிறது. மரத்தைக் காற்றில் எரித்தால் எல்லாம் சாம்பலாகி விடும். ஆனால் காற்றை அடைத்துச் சுட்டால், நீரும் புகையும் வெளியேறி, கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூடுதான் கரி. அதில் எண்ணற்ற துளைகள். பெரிய துளைக்குள் சிறிய துளை. சிறிய துளைக்குள் இன்னும் சிறிய துளை.

நன்றாக வெந்த ஒரே ஒரு கிராம் கரியில் உள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் 200 சதுர மீட்டருக்கு மேல்கூட வரும்.

அதாவது ஒரு கிராம் கரிக்குள் ஏறத்தாழ ஒரு கிரவுண்டு மனை அடங்கியிருக்கிறது!

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் கரிமூட்டம் போடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்குகிறார்கள். மேலே தழையும் மண்ணும் போட்டு மூடுகிறார்கள். புகை போகச் சிறு துவாரம் விட்டுத் தீ வைக்கிறார்கள். நாட்கணக்கில் உள்ளே கனன்று, மரம் கரியாகிறது.

படுகைக்கு வேண்டிய கரியும் இதே தத்துவத்தில்தான் உண்டாகிறது. ஆனால் அதை மூடிய கலத்தில், 350 முதல் 700 டிகிரி வரை சூட்டை அளந்து சுடுகிறார்கள். புகையையும் வீணாக விடாமல் எரித்துச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். மரம்தான் வேண்டும் என்பதில்லை. உமி, கடலைத் தோல், மூங்கில், சோளத் தட்டை, கொட்டாங்கச்சி எதுவானாலும் சரி.

இப்படி உண்டாக்கும் கரிக்கு விஞ்ஞானிகள் 'பயோசார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'உயிர்க்கரி' என்று சொல்கிறார்கள்.

இந்தக் கரி எளிதில் அழியாது. தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றங்கரையில் பழங்குடி மக்கள் மண்ணில் கரியைச் சேர்த்து விவசாயம் செய்தார்கள். பல நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த மண் இன்னும் கறுப்பாக, வளமாக இருக்கிறது. கரி அப்படியே கிடக்கிறது.

கரி செய்யும் மூன்று வேலைகள்

சரளைப் படுகையின் நடுவே இந்தக் கரியை ஓர் அடுக்காகப் பரப்புகிறார்கள். அல்லது கல்லோடு கலந்து போடுகிறார்கள். அங்கே அது மூன்று வேலைகள் செய்கிறது.

முதல் வேலை: பிடித்து வைப்பது. அம்மோனியாவும், சாயமும், சில மருந்துப் பொருள்களும் கரியின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. நீர் போய்விடுகிறது, அழுக்கு நின்றுவிடுகிறது.

இரண்டாம் வேலை: வீடு கொடுப்பது. துளைகள் பாக்டீரியாவுக்குக் குடியிருப்பு. வெளித்துளையில் காற்று விரும்பும் கூட்டம். உள்துளையில் காற்று வேண்டாத கூட்டம். மேலே சொன்ன இரண்டு கூட்டங்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடிகிறது!

மூன்றாம் வேலை: நேரம் வாங்கிக் கொடுப்பது. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். படுகைக்கு ஒரேயடியாக அழுக்கு வந்து சேரும். பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். அப்போது கரி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரவில் வேலை குறைந்ததும் பாக்டீரியா அதை மெள்ளத் தின்று தீர்க்கிறது. கரியில் மறுபடியும் இடம் காலியாகிறது.

வீட்டில் விருந்தாளிகள் திடீரென்று வந்தால் திண்ணையில் உட்கார வைத்து, ஒவ்வொரு பந்தியாகச் சாப்பாடு போடுவதில்லையா? கரி என்பது பாக்டீரியா வீட்டின் திண்ணை!

சோதனையில் தெரிந்தது என்ன?

சீனாவில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. மரக்கரியையும் சோளக் கதிரின் சக்கையைச் சுட்ட கரியையும் தனித்தனியாகக் குழாய்களில் நிரப்பினார்கள். செடி நட்டார்கள். இன்னொரு குழாயில் வெறும் சரளைக் கல். எல்லாவற்றிலும் சாண எரிவாயுத் தொட்டியிலிருந்து வருவது போன்ற கழிவு நீரை விட்டார்கள். கரி போட்ட குழாய்கள், கல் குழாயைவிட அதிக அழுக்கை நீக்கின.

ஸ்வீடன் தேசத்தில் உப்சாலா நகரில் விவசாயப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நாம் சாப்பிடும் மாத்திரையில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியே போகிறது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் 'கார்பமசெபின்' என்ற மருந்து சாதாரணச் சுத்திகரிப்பில் அகப்படாமல் தப்பி ஓடுவதில் பேர் போனது. அதைக் கரி வடிகட்டியில் விட்டுப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியாயிற்று. மருந்தின் பெரும் பகுதியைக் கரி நிறுத்தி விட்டது. மணல் வடிகட்டியால் அப்படி முடியவில்லை.

இவை ஆராய்ச்சிச் சாலையில் நடந்த சோதனைகள். சில மாதங்கள் நடந்தவை. ஊர் அளவில் பல ஆண்டுகள் ஓடிக் களைத்த கரிப் படுகைகள் இன்னும் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் கரி இல்லாத சாதாரணப் படுகைகள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்கு இரண்டு உதாரணங்கள் நம் நாட்டிலேயே உண்டு.

புதுடில்லியில் பூசா என்ற இடத்தில் இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தினமும் 22 லட்சம் லிட்டர் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் அளவுக்குச் சம்பங்கோரைப் படுகை அமைத்தார்கள். வெளியே வரும் நீர் வயலுக்குப் பாய்ச்ச.

புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையிலும் தொட்டி, சரளைப் படுகை, குளம் என்று வரிசையாக அமைத்திருக்கிறார்கள். சுத்தமாகி வரும் நீர் தோட்டத்துக்குப் போகிறது.

சின்ன ஊர் ஜெயித்த கதை

"இதெல்லாம் ஒரு கட்டடத்துக்குச் சரி. ஓர் ஊருக்கே ஆகுமா?" என்று கேட்கலாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் வட கோடியில், கடலோரமாக, ஆர்க்காட்டா என்று ஒரு சிறிய ஊர். பெயரைக் கேட்டதும் நம் ஆர்க்காடு என்று நினைத்துவிட வேண்டாம்! இது வேறு ஊர்.

1970-களில் அந்த ஊர் மக்களுக்கு ஒரு சோதனை வந்தது. கடல் விரிகுடாவில் கழிவு நீரை இனி விடக்கூடாது என்று மாகாண அரசாங்கம் சொல்லிவிட்டது. சுற்றியுள்ள ஊர்களெல்லாம் சேர்ந்து மாபெரும் சுத்திகரிப்பு ஆலை கட்ட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். செலவைக் கேட்டதும் ஊரார் திடுக்கிட்டார்கள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆலன், ராபர்ட் கியர்ஹார்ட் என்று இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். "ஊருக்கு வெளியே பழைய குப்பைமேடு வீணாகக் கிடக்கிறதே! அங்கே சதுப்பு நிலம் உண்டாக்கிச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யலாம்" என்ற யோசனையை முன்வைத்தார்கள்.

அதிகாரிகள் எளிதில் ஒப்பவில்லை. ஊரார் ஆண்டுக் கணக்கில் வாதாடினார்கள். சோதனைக் குளம் வெட்டிக் காட்டினார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது. 1986-ல் அந்தச் சதுப்பு நிலம் முழு அளவில் வேலை செய்யத் தொடங்கியது.

முதலில் தொட்டிகள். அடுத்து குளங்கள். அதற்கும் அடுத்து கோரை வளர்ந்த சதுப்பு நிலம். குப்பைமேடு இருந்த இடத்தில் இன்று நூற்றுக் கணக்கான பறவை இனங்கள் வருகின்றன. ஜனங்கள் காலையில் உலாவப் போகிறார்கள்.

அங்கே கரி போடவில்லை, சரளையும் இல்லை, திறந்த குளம்தான். ஆனால் புல்லையும் நீரையும் நம்பி ஓர் ஊர் வாழ முடியும் என்பதை ஆர்க்காட்டா காட்டிவிட்டது.

கரியால் ஆகாதது

கரியைப் புகழ்ந்தோம். குறையையும் சொல்ல வேண்டாமா?

ஒன்று: கரி ஒரு நாள் நிரம்பிவிடும். சில பொருள்களைப் பாக்டீரியா தின்று தீர்க்காது. அவை கரியின் துளைகளில் தங்கி, இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்போது கரியை மாற்ற வேண்டும்.

இரண்டு: பாஸ்பேட் என்ற உரச் சத்தைச் சாதாரணக் கரி அவ்வளவாகப் பிடிக்காது. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கு அந்தச் சத்தும் ஒரு காரணம். அதைப் பிடிக்க இரும்பு உப்பு, மெக்னீசிய உப்பு ஆகியவற்றில் கரியை ஊற வைத்துப் பதப்படுத்துகிறார்கள்.

மூன்று: தூள் கரி படுகையை அடைத்துவிடும். பட்டாணி அளவுக்குக் குறையாத துண்டுகளாக இருந்தால் நல்லது. பெயிண்டு அடித்த பலகை, பிளாஸ்டிக் கலந்த குப்பை இவற்றைச் சுட்ட கரியைப் போட்டால், அதுவே நீருக்கு விஷம் சேர்க்கும்.

நான்கு: கரி உப்பை நீக்காது. இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை நாடு அறியும். விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாய நீர் தேங்கி, அதைத் திறந்துவிட விவசாயிகளே பயந்தார்கள். சாயத்தின் நிறத்தைக் கரி பிடிக்கலாம். அதில் கரைந்துள்ள உப்பை அது தொடாது. தோல் பதனிடும் கழிவில் உள்ள குரோமியத்தைக் கரி பிடித்தாலும், பிறகு அந்தக் கரியே விஷமாகிவிடும். அதை எங்கே போடுவது? ஆலைகள் கோரையைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

ஐந்து: படுகையிலிருந்து வரும் நீர் தெளிவாக இருக்கும். அதற்காகக் குடித்துவிடக் கூடாது. நோய்க் கிருமிகள் குறையுமே தவிர முழுவதும் ஒழியாது. மரத்துக்கும் தோட்டத்துக்கும் பாய்ச்சலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம்.

மனிதனை இறக்காதீர்கள்

இத்தகைய படுகைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் கோரையின் குற்றத்தாலோ கரியின் குற்றத்தாலோ அல்ல. கவனிப்பார் இல்லாததால்தான்.

முதல் தொட்டியில் சேறு சேரும். அதைக் காலா காலத்தில் எடுக்காவிட்டால், சேறு படுகைக்குள் புகுந்து கல்லையும் கரியையும் அடைத்துக்கொள்ளும். நீர் மேலே பொங்கும். நாற்றம் வரும். கொசு வரும். "புல்லை நம்பியது தப்பு" என்று ஊரார் சொல்வார்கள்.

சேற்றை எடுப்பது யார்?

தொட்டிக்குள் மனிதனை இறக்குவது பாவம் மட்டுமல்ல, குற்றமும் ஆகும். விஷவாயு தாக்கி எத்தனையோ ஏழைத் தொழிலாளர்கள் மாண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது. 2013-ம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்துவிட்டது. லாரியில் உள்ள பம்பு கொண்டுதான் சேற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

படுகையில் செய்யும் வேலை அப்படிப்பட்டதல்ல. முற்றிய கோரையை அறுக்க வேண்டும். வரும் குழாயும் போகும் குழாயும் அடைபடாமல் பார்க்க வேண்டும். ஒரு தோட்டக்காரர் செய்யும் வேலைதான். சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் போதும்.

வீட்டுச் சாக்கடையைச் சுத்தம் செய்து ஓய்ந்த கரியைக்கூட வீணாக்க வேண்டியதில்லை. அதில் பயிர்ச் சத்து ஊறியிருக்கிறது. விஷப் பொருள் இல்லை என்று சோதித்து, கிருமி ஒழிய மக்க வைத்து, மரங்களின் அடியில் போடலாம். மண்ணில் அது நெடுங்காலம் தங்கி ஈரத்தைக் காக்கும்.

மரம் கரியாகிறது. கரி நீரைச் சுத்தம் செய்கிறது. பிறகு மண்ணுக்குப் போய் இன்னொரு மரத்தை வளர்க்கிறது!

இனிமேல் அரிசி களைந்த நீரைக் கொட்டும்போது ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அது எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று உங்கள் குழந்தைகளோடு தெருக் கால்வாயைத் தொடர்ந்து நடந்து பாருங்கள். ஊர்க் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

கல்லுக்குப் பஞ்சமில்லை. கோரைக்குப் பஞ்சமில்லை. சீமைக் கருவேலம் இருக்கும்வரை கரிக்கும் பஞ்சமில்லை.

கவனிப்பதற்கு ஆள்தான் வேண்டும்.